நில்லம்பை ஓயாவின் கரையில்

கங்கை என்று சொல்லுமளவுக்கு அகலமில்லாத ஆற்றைச் சிங்களத்தில் ஓயா என்பார்கள். கலஹா, ஹேவாஹெட்ட பக்கத்து மலைகளில் ஊறி, பாறை பாறையாகத் தாவி மகாவலி கங்கையில் விழும் நில்லம்பை ஓயா அப்படியொரு சின்ன ஆறு. ஆனால் அதன் கரையில் ஒரு காலத்தில் கண்டி மன்னரின் அரண்மனையே இருந்தது.

இரண்டாம் இராஜசிங்கன் அங்கே வாழ்ந்தபோது, 1664 டிசம்பர் இறுதியில் ஒரு நள்ளிரவு, குடிமக்கள் அரண்மனையை வளைத்துக்கொண்டார்கள். அப்போது இலங்கையில் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் அதைப் பிறகு எழுதிவைத்தார். மன்னர் மலைக்காட்டுக்குள் தப்பியோட, முன்னே விடப்பட்ட யானைதான் மரம் முறித்து வழி செய்ததாம். கிளர்ச்சிக்காரர் மன்னரின் சிறுவயது மகனை அரசனாக்கப் பார்த்தார்கள். மன்னரின் சகோதரியோ பையனை அழைத்துக்கொண்டு மன்னரிடமே போய்விட்டாள். அத்தோடு கிளர்ச்சி குலைந்தது. ஹேவாஹெட்ட என்ற பெயருக்கு 'அறுபது படைவீரர்' என்று பொருள் சொல்வார்கள். அன்றிரவு அந்த அறுபது பேர் எங்கே போயிருந்தார்களோ!

மன்னர் நில்லம்பைக்குத் திரும்பவில்லை. மலைக்கு அப்பால் ஹங்குரன்கெத்த அரண்மனைக்கு இடம்பெயர்ந்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் படை அந்த அரண்மனையை அழித்தது. இடிபாட்டில் மிஞ்சியவற்றைக் கொண்டு எழுந்ததுதான் பொத்குல் விகாரை. பொத்குல் என்றால் புத்தக வீடு. அரண்மனை போய்விட்டது, ஏடுகள் பிழைத்துக்கொண்டன. வெள்ளிச் சட்டமிட்ட ஓலைச்சுவடிகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

இந்த அரண்மனைகளுக்கு முந்திய தடமும் இப்பக்கம் உண்டு: பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறும் வழியில் ஹிந்தகல விகாரை. அதன் பாறையில் அநுராதபுர காலத்து ஓவியத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மன்னர்கள் காலத்துக்குப் பிறகு தேயிலை வந்தது. ஹேவாஹெட்ட மலையில், லூல்கந்துரத் தோட்டத்தில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் அதை நட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் இம்மலைகளில் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியேறின. மாரியம்மன் கோயில்களும் கூடவே வந்தன.

இம்மலைகளின் தேயிலைச் சரிவுகளுக்கு மேலேதான் 1979இல் நில்லம்பைத் தியான நிலையம் தொடங்கியது. பல்லாண்டு அங்கே வழிகாட்டிய கொட்வின் சமரரத்ன காவி உடுத்தவரல்லர். கண்டி நூலகத்தில் பணியாற்றியவர். மின்சாரம் இல்லாத அந்நிலையத்தின் மண்டபத்தில் இருட்டியதும் மெழுகுவர்த்திகளை ஏற்றுவார்கள். மன்னர் தப்பியோடிய அதே மலைப்பகுதியில், பல நாட்டிலிருந்தும் வந்தவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.