முதல் மணிக்கு முன்னால்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தானாகத் தாமதமாவதும் இல்லை, லீவு எடுப்பதும் இல்லை. அதற்கு மணி பார்க்கத் தெரியாது. குழாயில் தண்ணீர் எப்போது வரும், அப்பாவுக்கு இந்த வாரம் எந்த ஷிப்ட், ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்பதெல்லாம் அதன் கையில் இல்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்ற குறி பிள்ளையின் பெயருக்கு நேராகத்தான் விழுகிறது. அதனால் இந்தப் பேச்சு பிள்ளைகளுக்கு அல்ல. காலை ஏழரை மணிக்கு ஒரு கையில் சீப்பும் இன்னொரு கையில் டிபன் டப்பாவுமாக நிற்கிற பெற்றோருக்கு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் வேண்டும் என்கிறது. வகுத்துப் பாருங்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் வரும். ஒரு பிள்ளை தினமும் கால் மணி நேரம் பிந்தி வந்தால் 200 நாளில் 50 மணி நேரம் போய்விடும். பள்ளி நாளாகச் சொன்னால் பன்னிரண்டரை நாள். அந்த வீட்டில் கேட்டால், "எங்க பிள்ளை ஒரு நாள்கூட லீவு போடலையே" என்பார்கள். பொய்யில்லை. பதிவேடும் அதையேதான் சொல்லும்.

லீவுக் கணக்கும் இப்படித்தான். மாதத்துக்கு இரண்டே நாள் என்பது காதில் விழும்போது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பத்து மாதத்தில் அது இருபது நாள். அதாவது பாடத்தில் பத்தில் ஒரு பங்கு.

அதிலும் சிறு வகுப்புகளில் ஒரு நாள் என்பது வெறும் ஒரு நாளோடு நிற்பதில்லை. தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பு சொல்லித்தந்த நாளில் பிள்ளை இல்லை என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் இரட்டைக்கொம்பு. 'கெ', 'கே' இரண்டுக்கும் வித்தியாசம் புரியாமல் அது விழிக்கும். அடுத்த வாரம் 'கொ' வரும். அதில் முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் துணைக்கால். முதல் துண்டே தெரியாத பிள்ளைக்கு முழு எழுத்தும் படம் மாதிரிதான் தெரியும். மனப்பாடமாக ஒப்பித்துச் சமாளிக்கும். வீட்டில் நாமும், "பாரு, எப்படி மடமடன்னு சொல்லுது" என்று மகிழ்வோம். புத்தகத்தை மூடிவிட்டுப் பலகையில் புதிதாக ஒரு சொல் எழுதிக் காட்டினால்தான் குட்டு வெளிப்படும். பெரிய வகுப்பு மாணவன் நோட்டை வாங்கி எழுதிக்கொள்ளலாம். படிக்கவே இப்போதுதான் கற்றுக்கொள்கிற பிள்ளை யாருடைய நோட்டைப் பார்த்து என்ன எழுதும்?

தாமதத்துக்கும் இது பொருந்தும். காலைக் கூட்டத்தைச் சடங்கு என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், செய்தி வாசிப்பு, உறுதிமொழி. இதைத் தவறவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்கிறார்கள். கூச்சமுள்ள பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாக வகுப்புக்குள் நுழைய அதுதான் வழி. பாடம் தொடங்கிய பிறகு வந்து வாசலில் நிற்கும் பிள்ளையை நாற்பது கண்கள் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்தே மறுநாள், "வயிறு வலிக்குது" என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பல தாமதங்கள் இப்படித்தான் லீவாக மாறுகின்றன.

தமிழ்நாடு இந்தச் சிக்கலை ஒரு நூற்றாண்டாகச் சோற்றைக் கொண்டே அவிழ்த்து வந்திருக்கிறது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தது. பிறகு காமராசர் காலம், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, அதன் பிறகு உதவிபெறும் பள்ளிகளுக்கும். மதிய உணவு பிள்ளையைப் பள்ளிக்கு வரவைத்தது. காலை உணவு நேரத்துக்கு வரவைக்கிறது. மணி அடிப்பதற்கு முன்னால் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாக இருக்கிறது என்றால், வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும் அவசரம் குறைகிறது, பிள்ளைக்கும் ஓடிவர ஒரு காரணம் கிடைக்கிறது. நேரம் தவறாமை பற்றி எத்தனையோ சுற்றறிக்கைகள் போயிருக்கும். ஒரு தட்டுப் பொங்கல் செய்ததை அவை செய்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் உணவால் தீராத காரணங்களும் இருக்கின்றன. காதுகுத்து, கிடா வெட்டு, மாமன் வீட்டுக் கல்யாணம் எல்லாம் வேண்டியவைதான். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு வியாழனே கிளம்பி, ஞாயிறு மறுவீடு முடித்து, அசதியில் திங்களும் தூங்குகிறோமே, அந்த வியாழனையும் திங்களையும் மீட்கலாம். இன்னொரு வீட்டில் அம்மா நூறு நாள் வேலைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்க்க மூன்றாம் வகுப்பு அக்கா நின்றுவிடுகிறாள். இதைச் சோம்பல் என்று சொல்பவருக்கு வீடு தெரியாது. அங்கே அறிவுரை எடுபடாது. கைக்குழந்தைக்குப் பக்கத்து அங்கன்வாடியில் இடம் உண்டா என்று பார்ப்பதுதான் உதவி. செங்கல் சூளைக்கு மாதக்கணக்கில் குடும்பத்தோடு போகிறவர்கள், போகிற ஊர்ப் பள்ளியிலேயே பிள்ளையைச் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்ற காரணத்தால் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று சட்டம் சொல்கிறது.

எல்லா நாளும் அனுப்பியே தீர வேண்டும் என்பதில்லை. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பொறுத்திருக்க வேண்டும். மாத்திரையைக் கொடுத்துச் சூட்டை அடக்கிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கு ஆசிரியர் போன் செய்யும்போது எடுக்காமல் இருப்பது யாருக்கும் நல்லதல்ல.

பிள்ளை வரவில்லை என்றால் காலையிலேயே பள்ளிக்குச் சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் ஒரே வார்ப்பில் எழுதித் தரும் விடுப்புக் கடிதத்தை விட இது பெரிய காரியம். வீட்டிலிருந்து நடந்து கிளம்பிய பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை என்று வையுங்கள். வீட்டில், பள்ளியில் இருக்கிறது என்று நினைப்பார்கள். பள்ளியில், இன்று லீவு போல என்று நினைப்பார்கள். சாயங்காலம் வரை யாரும் தேட மாட்டார்கள். நீங்கள் எப்போதும் சொல்லிவிடுகிற வீடு என்றால், சொல்லாமல் பிள்ளை வராத அன்று ஆசிரியர் உடனே விசாரிப்பார்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. பிந்தி வந்த பிள்ளையை வெயிலில் நிற்கவைப்பதும், கேட்டைப் பூட்டித் தனியாக வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. தாமதம் பெற்றோருடையது, வெயில் பிள்ளைக்கா?

அப்படியென்றால் பெற்றோரைத் தண்டிக்கலாமா? இங்கிலாந்தில் காரணமின்றிப் பிள்ளையை நிறுத்தினால் பெற்றோருக்கு அபராதம் உண்டு. மூன்று வாரத்துக்குள் கட்டினால் 80 பவுண்டு, தவறினால் 160. நம் சட்டம் அந்த வழியில் போகவில்லை. பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது, தண்டனை எதுவும் வைக்கவில்லை. பிள்ளை தொடர்ந்து வருவதை உறுதி செய்யும் பொறுப்பை அரசின் தலையில் வைக்கிறது. தினக்கூலி வாங்கும் வீட்டில் அபராதம் போட்டால், பிள்ளைக்குச் சேர வேண்டிய பாலும் முட்டையும்தான் குறையும். எனக்கு நம் வழியே சரியாகப் படுகிறது.

அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஆசிரியர் தவறாமல், நேரத்தோடு பள்ளிக்கு வர வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெற்றோரைத் தொடர்ந்து சந்தித்து, பிள்ளையின் வருகையையும் படிப்பையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே அடுத்த முறை பள்ளிக் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். இந்தப் பருவத்தில் எங்கள் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை, எந்தெந்தக் கிழமைகளில், அன்று என்ன பாடம் நடந்தது என்று கேளுங்கள். எல்லாம் திங்கட்கிழமையாகவே இருந்தால் காரணம் உங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. கணக்குத் தேர்வு நாளாகவே இருந்தால் அதை ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.