அட்வான்ஸ் வாங்குமுன் எழுதிக்கொள்ளுங்கள்

(நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழில் செய்வோருக்கான கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சாமியானா, மேடை அலங்காரம், பிரியாணி, வீடியோ என்று நிக்காஹ் வேலைகளை எடுத்துச் செய்யும் தம்பிகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். சிலர் நம்மிடம் வட்டியில்லாக் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள். தவணை தாமதமானால் ஆர்டர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. "மீதிப் பணம் வரலை பாய்" என்பதுதான் பதில்.

ஏன் வரவில்லை? 100 கிலோ அரிசிக்குப் பேசினோம் என்பார் இவர். 80 என்றுதான் சொன்னேன் என்பார் பெண்வீட்டார். இருவரும் பொய் சொல்லவில்லை, வாய்ப்பேச்சு அப்படித்தான். அதன்பின் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதும் ஸலாம் சொல்லாத வீடுகள் நம் ஊரில் உண்டு. கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282-ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். தெரிந்தும், சொந்தக்காரரிடம் எழுத்துக் கேட்பதா என்று கூசுகிறோம்.

எழுத்து செல்போனிலேயே இருக்கலாம். மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 10ஏ பிரிவு. பேசியதை பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பி, "படித்தேன், சம்மதம்" என்று பதில் வாங்குங்கள். பெரிய ஆர்டர் என்றால் ஆதார் ஓ.டி.பி. மூலம் இ-சைன் வாங்கலாம். வாய்ஸ் மெசேஜில் மட்டும் பேசி முடிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்று மூலச் செய்தியை அழித்துவிடவும் வேண்டாம். ஒரு பிரதி மின்னஞ்சலில் இருக்கட்டும்; போன் தொலைந்தாலும் ஒப்பந்தம் தொலையாது.

தேதியில் கவனம். ஷவ்வால் பிறை 10 என்று மட்டும் போட்டால் பிறையைப் பொறுத்து ஒரு நாள் மாறும். ஆங்கிலத் தேதியும் வேண்டும். சஹன் கணக்கென்றால் ஒரு சஹனுக்கு எத்தனை பேர், எண்ணிக்கையை மாற்றக் கடைசி நாள் எது, ஜெனரேட்டர் டீசல் யார் பொறுப்பு, இவையும் வேண்டும்.

சண்டை பெரும்பாலும் அட்வான்ஸில்தான். "ரத்தானால் அட்வான்ஸ் திரும்பாது" என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஃபிக்ஹில் இதை உர்பூன் என்பார்கள். ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. நம் ஊரில் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் இல்லை. ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆவது பிரிவும், எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே தருகிறது. ஆகவே செலவை எழுதுங்கள்: பூவுக்குச் சொல்லிவிட்டால் இவ்வளவு, ஆடு வாங்கிவிட்டால் இவ்வளவு, எதுவும் தொடங்காவிட்டால் முழுதும் திருப்பம். வீட்டில் மவுத்து நேர்ந்தால் தேதி மாற்றிக்கொள்ள ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் போய்ப் பேரம் பேச முடியாது.

தமிழில் மாதிரிப் படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. அஸருக்குப் பின் வந்தால் உங்கள் போனில் ஏற்றித் தருவோம். மருதாணி வைக்கப் போகும் சகோதரிகளுக்கும் இதே படிவம்தான். சாப்பாட்டுப் பகுதியை நீக்கிக்கொண்டால் போதும்.