சான்றிதழ் இல்லாப் பிள்ளைகளும் கல்வி உரிமையும்

நடைபாதையில் உறங்கும் குடும்பத்துச் சிறுமியைப் பள்ளி வாயிலில் எதிர்கொள்ளும் முதல் வினா, "பிறப்புச் சான்று எங்கே?" என்பதாகும். மழையில் நனைந்தழிந்த தாள்களுள் அதுவும் ஒன்று.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவோ, வயதுச் சான்று இல்லாமையால் எக்குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கலாகாது என்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதும் தடையன்று. பத்து வயதில் முதன்முறை வருபவளை ஒன்றாம் வகுப்பில் அமர்த்தி நாணச் செய்யாமல், வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளித்தல் வேண்டும். இவற்றை அத்தாய் அறியாள்; சில வேளை அலுவலக எழுத்தரும் அறியார்!

அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் குறிப்பேடுகள் வழங்குகின்றன. நற்பணியே, எனினும் அவை பள்ளியினுள் நுழைந்துவிட்ட பிள்ளைகளையே சென்றடைகின்றன. வெளியே நிற்பவளுக்கு வேண்டியவர், சட்டத்தின் அப்பக்கத்தைக் கையில் கொண்டு, ஜூன் மாதக் காலையில் அத்தாயுடன் தலைமையாசிரியர் அறை வரை செல்லும் ஒருவர்.