செம்புத் தகட்டில் பதிந்த ஊர்கள்

(சென்ற ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நகரக் கட்டடங்களின் வண்ண எட்சிங் படங்களை நான் சேகரித்து வருவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "பத்து நிமிஷந்தாம்பா, அப்புறம் சாப்பாடு" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்னிடம் இருப்பது மொத்தம் பதினோரு தாள். இந்தப் பதினோரு தாளும் எனக்குப் பிறகு எங்கே போகும் என்ற கேள்வி வந்துவிட்டது. அதனால்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

எட்சிங் என்றால் என்ன என்று தம்பிகள் கேட்கலாம். வழவழப்பான செம்புத் தகட்டின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசி, ஊசியால் கோடு கீறி, தகட்டை அமிலத்தில் விடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை ஏற்றி, ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தினால் படம் தாளுக்கு வந்துவிடும். கோட்டோடு நிழலும் வேண்டுமென்றால் தகட்டின் மேல் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி, பிறகு அமிலத்தில் விடுவார்கள். தூளுக்கு நடுவே உள்ள இடமெல்லாம் பொடிப்பொடியாக அரித்து, தண்ணீர் வண்ணம் தீட்டியது போன்ற நிழல் கிடைக்கும். இதற்கு அக்வாடின்ட் என்று பெயர். என் சேகரிப்பு பெரும்பாலும் இந்த வகைதான்.

இந்த வேலையில் நம் நாட்டைப் பதிவு செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1786-இல் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். அங்கேயே அந்த நகரத்தின் பன்னிரண்டு காட்சிகளைத் தகட்டில் பதித்து வெளியிட்டார்கள். பிறகு வடக்கே சுற்றி, 1792-இல் சென்னைக்கு வந்தார்கள். ஊர் திரும்பிய பின் 1795 முதல் 1808 வரை 144 படங்களை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் ஆறு பகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். முழுத் தொகுதியின் விலை 210 பவுன். சாதாரண ஆள் கனவில்தான் வாங்க முடியும்.

என் முதல் தாள் 1979-இல் மூர் மார்க்கெட்டில் கிடைத்தது. 1985-இல் எரிந்து போன அதே மூர் மார்க்கெட். படத்தில் பரங்கிமலைக்கு அருகே ஆர்மீனியப் பாலம். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-இல் அடையாற்றின் மேல் தன் சொந்தச் செலவில் கட்டிய பாலம் அது. அதை எடுத்துவிட்டுத்தான் அறுபதுகளில் இப்போதைய மறைமலை அடிகள் பாலத்தைக் கட்டினார்கள். நம்மில் பல பேர் அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ராத்திரி ஏறி, விடியற்காலையில் கிண்டி தாண்டி, சைதாப்பேட்டையில் கண்ணைக் கசக்கியபடி அந்தப் பாலத்தைக் கடந்து பாரிமுனைக்குப் போனவர்கள். கல் பாலம் போய்விட்டது. தாளில் இருக்கிறது.

இன்னொரு படம், மதுரை அரண்மனையின் இடிபாடு. நாம் கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்த திருமலை நாயக்கர் மகால் 1866-க்கும் 1872-க்கும் இடையில் நேப்பியர் பிரபு காலத்தில் செப்பனிடப்பட்டது. அதற்கு முன் அது எப்படிக் கிடந்தது என்று வழிகாட்டி சொன்னால் காதில் ஏறாது. இந்தப் படத்தைப் பார்த்தால் ஏறும்.

வண்ணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவற்றை ஒன்று அல்லது இரண்டு நிற மையில்தான் அச்சடித்தார்கள். மீதி வண்ணமெல்லாம் ஒவ்வொரு தாளிலும் தூரிகையால் கையால் தீட்டியது. ஆகவே ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் ஒன்றில் வெளிர் நீலமாகவும் மற்றதில் மாலைச் சிவப்பாகவும் இருக்கலாம். கட்டடத்தின் கோட்டை நம்பலாம், வானத்தின் நிறத்தை அந்த அளவுக்கு நம்பாதீர்கள் என்பது என் கட்சி.

வெள்ளிமலையிலிருந்து வந்து என்னோடு படித்த நண்பர் ஒருவர், பின்னாளில் மலையிலேயே ஆசிரியராக இருந்தவர், ஒரு தடவை இந்தப் படங்களை எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஏம்பா, கட்டடம் எல்லாம் இவ்ளோ பெருசு, ஆளுங்க மட்டும் எறும்பு மாதிரி இருக்காங்களே?" என்று கேட்டார். கட்டடத்தின் உயரம் தெரிவதற்காக ஓவியர்கள் ஆட்களைச் சிறிதாக ஓரத்தில் வைப்பது வழக்கம் என்றேன். "அவங்கள பல்லக்குல தூக்கிட்டுப் போனதும் இந்த எறும்புங்கதானே?" என்றார். உண்மைதான். டேனியல்கள் தெற்கே சுற்றியது பல்லக்கில். அன்று முதல் எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் கட்டடத்தை விட்டுவிட்டு முதலில் ஓரத்து ஆட்களைத்தான் பார்க்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: சட்டம் போட்டு விற்பதில் பெரும்பாலானவை காலண்டர் அச்சுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வரிசையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஆப்செட், விட்டுவிடலாம். உண்மையான தாளில் படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். கீழே ஓவியர் பெயரும், லண்டன் ஹவ்லண்ட் தெரு முகவரியும், வெளியிட்ட தேதியும் இருக்கும். படங்களைச் சிறிதாக்கி 1812-க்குப் பிறகு வந்த பதிப்பும் உண்டு. அதுவும் நல்லதுதான், ஆனால் பெரியதன் விலையைக் கொடுக்கக் கூடாது. சட்டம் போடுவதிலும் எச்சரிக்கை தேவை. ஒரு கடையில் என் தாள் ஒன்றின் நான்கு ஓரத்தையும், தேதி, பெயர் எல்லாம் உட்பட, சட்டத்துக்குச் சரியாக இருக்கட்டும் என்று வெட்டி எறிந்துவிட்டார்கள். கேட்டதற்கு, "எழுத்துதானே சார், படத்துல கை வைக்கலியே" என்றார் கடைக்காரர்.

இதைவிடப் பெரிய வெட்டு ஒன்று உண்டு. வியாபாரிகள் முழுப் புத்தகத்தை வாங்கி, பிரித்து, தாள் தாளாக விற்கிறார்கள். அதில்தான் லாபம். என்னிடம் இருக்கும் தாள்களும் அப்படிப் பிரிந்து வந்தவையே. என்னைப் போன்ற ஆள் உதிரித் தாள் கேட்பதால்தான் புத்தகங்கள் பிரிகின்றன என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். மறுபடி ஒரு தடவை இவை பிரியக் கூடாது என்பதுதான் இப்போது என் கவலை.

வெளிநாட்டில் இருக்கும் என் மகன், "அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வாங்கப்பா" என்கிறான். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனி ஆள் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. சட்டம் இடம் தந்தாலும் எனக்கு மனசில்லை. சென்னையில் இருப்பவர்கள் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய் டேனியல் படங்களைப் பார்த்துவிடலாம். கச்சிராயபாளையத்துப் பையன் எங்கே போய்ப் பார்ப்பான்?

நம் பக்கத்துப் படம் ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். என் பதினொன்றில் நமக்கு ஓரளவு பக்கம் என்றால் இராயக்கோட்டைதான். அதற்குக் காரணம் கலை இல்லை, சண்டை. 1792 மார்ச்சில் திப்புவோடு உடன்படிக்கை ஆனது, ஏப்ரலில் டேனியல்கள் சென்னையிலிருந்து புறப்பட்டார்கள். படை போன மலைக்கோட்டைகளைப் படத்தில் பார்க்க லண்டனில் ஆள் இருந்தது. நம் தியாகதுருகமும் அதே சண்டையைப் பார்த்த மலைதான். 1790 இறுதியில் திப்பு முற்றுகையிட்டும் அவர் கைக்குப் போகாத கோட்டை. தினமும் பஸ் ஜன்னலில் அதைப் பார்த்துக்கொண்டே கல்லூரிக்கு வருகிற மாணவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? அதை ஒரு தகட்டில் கீறிப் பார்க்க உங்களில் ஒருவருக்கு ஆசை வந்தால், சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் எட்சிங் பட்டறை இருக்கிறது. முதல் தகட்டின் விலையை நான் தருகிறேன்.

ஆக, என் வேண்டுகோள். பதினோரு தாளையும் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். மூன்று நிபந்தனை. ஒன்றாகவே இருக்க வேண்டும், ஒரு தாளைக்கூடத் தனியாக விற்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ கூடாது. வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது, ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு முன் ஒவ்வொரு வருஷமும் பிரித்துப் பார்த்துப் பூச்சி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மாணவர் யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும், பூட்டி வைத்துவிட்டுச் சாவி இல்லை என்று சொல்லக் கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம் என்று நூலகர் அம்மா சிரிக்கிறார்கள். மாலைப் பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது, நன்றாக விவாதித்து முடிவு செய்யுங்கள். முடியாது என்றாலும் வருத்தமில்லை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்பேன்.

படங்களை நூலக மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி இரண்டு இருக்கிறது. சாப்பிட்ட கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள். மாணவர்கள் முதலில் பார்க்கட்டும், நாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.