குறளளவுப் பொருளும் கொங்குக் கொல்லனும்

(மதுக்கரையில் தமிழன்பர்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மதுக்கரையில் பிறந்தவர்க்குச் சுண்ணக்கல்லைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. 1930-களில் இவ்வூரில் எழுந்த சிமெண்டு ஆலை, அஃதாவது பைஞ்சுதை ஆலை, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டது. அந்தப் பைஞ்சுதைத் தூளில் நீர் வார்த்துக் குழைத்து வைத்தால் சில மணி நேரத்தில் அது கல்லாகின்றது. கொத்தர் நாள்தோறும் காணும் காட்சி இது. ஏன் கல்லாகின்றது? சுண்ணமும் மணற்கூறும் நீரும் கூடி ஒரு பசை பிறக்கின்றது. அப்பசையின் துகள் ஒவ்வொன்றும் சில நானோமீட்டர் அளவே உடையது. அத்துகள்கள் நெருங்கிப் பிணைவதால்தான் வீடும் பாலமும் அணையும் நிற்கின்றன. இற்றை உலகம் வியந்து பேசும் மீநுண் பொருளை, அதன் பெயரறியாமலே மதுக்கரை உழைப்பாளி மூட்டை மூட்டையாக ஆக்கித் தந்திருக்கின்றான்.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறுகோடிக் கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூறு. மாந்தன் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் இருக்கும். 'நானோ' என்பது குள்ளன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. நம் மொழியிலோ குள்ளனைக் 'குறள்' என்பது பழைய வழக்கு. இன்று அறிவியல் எழுதுவோர் 'மீநுண்' என ஆள்கின்றனர். சொல்லுக்குப் பஞ்சமில்லை.

சிறிதானால் என்ன புதுமை எனக் கேட்கலாம். பக்கத்துக்கு ஒரு செண்டிமீட்டர் உள்ள பொருட்கட்டி ஒன்றை எண்ணிக் கொள்ளுங்கள். அதன் புறப்பரப்பு 6 சதுரச் செண்டிமீட்டர். அதே கட்டியை ஒரு நானோமீட்டர்த் துண்டுகளாக அரிந்தால் அத்துண்டுகளின் மொத்தப் புறப்பரப்பு 6,000 சதுர மீட்டர். விரல் நுனியளவுக் கட்டி ஒன்றரை ஏக்கர் நிலமாக விரிகின்றது! பொருள்கள் தம்முள் வினைபுரிவது மேற்பரப்பில். ஆகவே வினையாற்றல் பன்மடங்கு பெருகுகின்றது. நிறமும் மாறுகின்றது. மஞ்சளாக மின்னும் பொன், மீநுண் துகளானால் சிவந்து தோன்றும். கொரோனா நோய்க்காலத்தில் வீடுதோறும் பார்த்த ஆய்வுப்பட்டையின் செங்கோட்டை நினைவு கூருங்கள். அத்தகைய பட்டைகள் பலவற்றில் அந்தச் சிவப்பு, பொன் துகள் தந்த சிவப்பே. நோய்க்கூற்றைப் பற்றிக்கொண்ட பொன் துகள்கள் ஓரிடத்தில் குவிந்து கோடாகின்றன. உணரி என்பது இதுவே.

இத்துறை நமக்குத் தொலைவில் இல்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப்பும் அவர்தம் மாணாக்கரும் வெள்ளித் துகள்களால் குடிநீரிலுள்ள பூச்சிக்கொல்லி நஞ்சை நீக்கும் வழி கண்டனர். 2007-இல் அது வீட்டு வடிப்பானாக வெளிவந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2010-இல் மீநுண் அறிவியலுக்கெனத் தனித்துறை தோன்றிற்று. செடிகொடிகளில் இயல்பாகவே உள்ள எக்சனால் என்னும் பொருளை நுண்துளிகளாக்கி, மாங்கனி விரைவில் அழுகாமற் காக்கும் முறையை அத்துறையினர் கனடா, இலங்கை ஆய்வாளரோடு கூடி உருவாக்கினர்.

இனி நம் பழைமைக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கிழக்கே போகும் வழியில், அதன் வடகரையில் கொடுமணல் உள்ளது. பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு அகழ்ந்தபோது இரும்புருக்கிய உலைகளும், எஃகு ஆக்கிய மண்குகைகளின் சிதைவுகளும், மணி செய்த பட்டறைத் தடங்களும் வெளிப்பட்டன. தென்னாட்டு எஃகு கடல்கடந்து போய்த் தமசுக்கு வாள்களுக்குக் கருப்பொருளாயிற்று. 2006-இல் செருமனியின் திரெசுதன் நகர ஆய்வாளர், 17-ஆம் நூற்றாண்டுத் தமசுக்கு வாளொன்றின் துணுக்கில் மீநுண் கரிமக் குழல்களைக் கண்டதாக எழுதினர். 2020-இல் வேலூர் ஆய்வாளர், கீழடியில் கிடைத்த பானையோட்டின் கருமைப் பூச்சிலும் அத்தகைய குழல்களைக் கண்டதாக வெளியிட்டனர்.

இச்செய்திகளைக் கேட்டவுடன் "மீநுண் அறிவியலை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்று மேடையில் முழங்குவோர் உளர். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது உண்மையாகாது. செருமானியர் ஆய்ந்த வாள் கொடுமணல் எஃகால் ஆனது என்பதற்குச் சான்றில்லை. கொல்லன் குழலைக் கண்டவனல்லன். எந்த மண், எந்தக் கரி, எத்தனை நாழிகைச் சூடு என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிந்தவன். அவ்வறிவே பெரும்பேறு, அதற்கு இல்லாத பெயரைச் சூட்டத் தேவையில்லை. பொய்ப் பெருமை, மெய்ப் பெருமையையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும்.

இங்கே ஓர் ஒப்புமை நெஞ்சைச் சுடுகின்றது. இலண்டனில் மைக்கேல் பாரடே என்னும் கொல்லன் மகன் இருந்தான். பள்ளிப்படிப்பு மிகுதியாக இல்லாதவன். அவனே 1819-இல் இந்திய எஃகைப் பகுத்தாய்ந்தான்; 1857-இல் பொன்னின் நுண்துகள் சிவப்பதை ஆய்ந்து எழுதினான். ஏட்டுக் கட்டுவோனிடம் வேலை பார்த்தபோது, கட்ட வந்த நூல்களையே படித்து அறிவு பெற்றவன் அவன். அந்நூல்கள் அவன் தாய்மொழியில் இருந்தன! கொங்குக் கொல்லன் மகனுக்கு அவ்வாய்ப்பு எங்கே? அவன் தந்தையின் கைத்திறன் ஏட்டில் ஏறவில்லை. உலை அணைந்தது, அறிவும் அதனோடு அணைந்தது.

அந்த நொய்யல் இன்று எந்நிலையில் உள்ளது? சாயக்கழிவு கலந்து, 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை நஞ்சுநீர்த் தேக்கமாயிற்று. உழவர் நிலமும் கிணறும் கெட்டன. 2011-இல் சென்னை உயர்முறைமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களில் இன்று பணிபுரிபவை, ஒரு நானோமீட்டர் அளவிலும் அதனினும் சிறிதாகவும் துளையுடைய சவ்வுகள். ஆற்றைக் காக்கும் வழியும் இவ்வறிவிலேயே உள்ளது. அச்சவ்வைக் கையாளும் தொழிலாளிக்கு அதன் இயல்பு அவன் மொழியில் சொல்லப்பட வேண்டாவா?

தீமையும் உண்டு. 2014-இல் கூடிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் அறிஞர் குழு, கரிமக் குழல்களுள் ஒருவகையைப் புற்றுநோய் விளைக்கக்கூடும் பொருள்களுள் சேர்த்தது. இத்தகைய தூளை நாளை நம் பிள்ளைகள் பட்டறைகளில் அள்ளக்கூடும். எச்சரிக்கை அயன்மொழியில் மட்டும் அச்சாகியிருந்தால், மூச்சுப்பையன்றோ விலை கொடுக்கும்? அறிவியல் தமிழ் என்பது புலவர் விளையாட்டென எண்ணுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

செய்ய வேண்டியது தெளிவு. சொல்லாக்கித் தொகுதியாக அச்சிட்டு அடுக்கி வைப்பதோடு நம் கடன் தீராது. சொல்லுக்குரிய பொருளைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். கொத்தனாரும் நெசவாளரும் சாயத் தொழிலாளரும் தாம் கையாளும் பொருளை அறியுமாறு எளிய தமிழில் சிறுநூல்கள் வேண்டும். ஆய்வுக்கூடத்துத் தமிழர் தாம் கண்டதை ஆண்டுக்கொரு முறையேனும் தமிழில் எழுத வேண்டும்.

மதுக்கரைக் கொத்தர் ஒருவர் வீட்டுச் சிறுமி, "அப்பா, பைஞ்சுதை ஏன் கல்லாகின்றது?" என்று கேட்கும் நாளில், அவர் கையிலுள்ள கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தமிழிலேயே விடை சொல்ல வேண்டும். அன்றுதான் அணைந்த கொடுமணல் உலை மீண்டும் மூளும்.