சமூகவியல் சோறு போடுமா?

(விம்கோ நகரில் இளைஞர்களுக்காக நடந்த கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் சமூகவியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

மேடைக்கு வருவதற்கு முன் வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். மண்ணடியில் கடை வைத்திருப்பவர். பக்கத்தில் பிளஸ் டூ முடித்த மகன். "பாய், இவன் சோசியாலஜிதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அது என்ன படிப்பு? டாக்டரும் இல்ல, இன்ஜினீயரும் இல்ல, வக்கீலும் இல்ல. பேசாம கடையில உட்கார்ந்தா மூணு வருஷத்துல தொழிலாவது கத்துக்குவான்ல?" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியவர் கேட்டதில் தவறே இல்லை. லாப நஷ்டம் பார்த்து முதல் போடுபவர் வியாபாரி. மகனின் மூன்று வருடமும் முதல்தானே! எனக்குக் கொடுத்த தலைப்பை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய கேள்விக்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

சமூகவியல் என்றால் என்ன?

பாடப்புத்தக விளக்கம் வேண்டாம். என் அனுபவத்தைச் சொல்கிறேன். எம்.ஏ. படித்தபோது ஆய்வுக்காக வினாப்படிவக் கட்டோடு மண்ணடியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். முதல் கடையிலேயே, "தம்பி, இன்கம்டாக்ஸா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சத்தியம் செய்யாத குறைதான். ஒரு வழியாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். என் படிவத்தில் நான்காவது கேள்வி, 'கடனுக்குச் சரக்கு கொடுப்பதுண்டா?' ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் "இல்லை" என்றார்கள். நானும் 'இல்லை, இல்லை' என்று எழுதிக்கொண்டே போனேன்.

என் பேராசிரியர் படிவங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கடன் இல்லாமல் வியாபாரமா? நாளைக்குப் போய், பாக்கி எழுதும் நோட்டு எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று கேள்" என்றார். கேட்டேன். கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து மூன்று நோட்டு, நான்கு நோட்டு என்று வெளியே வந்தது! யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. கடன் என்ற சொல்லே அவர்களுக்குக் கசந்தது. பாக்கி என்றால் அது வாடிக்கை. எந்தச் சொல்லில் கேட்கிறோமோ அதற்கேற்ப உண்மை வெளியே வருகிறது, அல்லது உள்ளேயே இருந்துவிடுகிறது. மனிதர்கள் கூடி வாழும் விதத்தைக் கேட்டு, எண்ணி, ஒப்பிட்டு, காரணம் தேடும் கலைதான் சமூகவியல். ஐரோப்பாவில் ஓகஸ்ட் கோம்ட் இதற்குப் பெயர் சூட்டியது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு வெகு காலம் முன்பே, 1332ல் தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன் 1377ல் எழுதிய முகத்திமாவில், ஒரு கூட்டத்தைப் பிணைக்கும் உணர்வு எப்படி உருவாகிறது, எப்படித் தேய்கிறது என்று ஆராய்ந்தார். இதை மேடை தோறும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் செய்த வேலையைச் செய்ய நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? பெருமைக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

நம்மை எழுதியவர் யார்?

நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களைப் பற்றி, அவர்களுடைய தொழிலையும் உறவு முறையையும் கூர்ந்து பார்த்து எழுதப்பட்ட நூல் ஒன்று உண்டு. பல்லாவரத்தில் தங்கி ஆராய்ந்து 1972ல் அதை வெளியிட்டவர் மேட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர். ராவுத்தர், மரைக்காயர், லப்பை, காயலர் என்று நமக்குள் இருக்கும் பிரிவுகளையும், கடைத்தெருவில் ஒருவருடைய பெயர் எப்படி முதலாக மாறுகிறது என்பதையும் கடல் கடந்து வந்த ஒருவர் கண்டு எழுதினார். அவரைக் குறை சொல்லவில்லை, நன்றி சொல்ல வேண்டும். ஆனால் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே மண்ணடியில் இறங்கிவிடலாம். 2021 பிப்ரவரியிலிருந்து அந்த வசதி இருக்கிறது. இங்கேயே இருக்கும் நாம் அந்தக் கடைத்தெருவைப் பற்றி எழுதியது என்ன?

அடுத்து, சச்சார் குழு. நீதிபதி ராஜேந்தர் சச்சார் தலைமையில் அமைக்கப்பட்ட அந்தக் குழுவில் டி.கே. உம்மன் என்ற சமூகவியல் பேராசிரியரும் உறுப்பினர். 2006 நவம்பரில் அறிக்கை பிரதமரிடம் கொடுக்கப்பட்டது. அதுவரை, முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மதரஸாவில் மட்டுமே படிக்கிறார்கள் என்று நாடே நம்பிக்கொண்டிருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் சுமார் 3 விழுக்காடுதான் என்று அறிக்கை காட்டியது. 2001 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த சமுதாயம் ஐ.ஏ.எஸ். பணியில் 3 விழுக்காடு, ஐ.பி.எஸ். பணியில் 4 விழுக்காடு என்ற உண்மையும் வெளியே வந்தது. ஐம்பது வருட மேடைப் பேச்சு செய்யாததை ஒரு கணக்கு செய்தது!

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அகில இந்தியக் கணக்கை அப்படியே தூக்கி வந்து நம் ஊர் மேடையில் பேசுகிறோம். 2001ல் இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு. நாட்டின் சராசரி 64.8. பின்தங்கியிருக்கிறோம், உண்மை. ஆனால் தமிழ்நாட்டில்? மாநிலச் சராசரி 73.5, முஸ்லிம்கள் 82.9! நம் பிள்ளை எழுதப் படிக்கத் தெரியாதவன் அல்ல. பிறகு எந்த இடத்தில் நின்றுபோகிறான்? பத்தாம் வகுப்பிலா? பிளஸ் டூவிலா? கல்லூரி இரண்டாம் வருடத்தில் விசா வந்ததும் துபாய்க்கு விமானம் ஏறுவதிலா? டெல்லியில் உட்கார்ந்து இதைச் சொல்ல முடியாது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ராயபுரத்திலும் தெருத் தெருவாகப் போய் எண்ண வேண்டும்.

ஏன் எண்ண வேண்டும்?

2007ல் நமக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. அதை உயர்த்த வேண்டும் என்று கேட்கிறோம், நியாயமாகவே கேட்கிறோம். ஆனால் நீதிமன்றத்தில் நியாயம் மட்டும் போதாது. வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்து 2021 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று உச்சநீதிமன்றமே ஒப்புக்கொண்டது. தனியாகப் பிரித்துக் கொடுப்பதற்கு உரிய, இன்றைய புள்ளிவிவரம் எங்கே என்றுதான் கேட்டது. பழைய அம்பாசங்கர் ஆணையத்தின் கணக்கு அங்கே கை கொடுக்கவில்லை. ஆந்திராவில் முஸ்லிம்களுக்கான ஒதுக்கீட்டை உயர்நீதிமன்றம் ரத்து செய்ததற்குச் சொன்ன காரணங்களிலும், பின்தங்கிய நிலையை ஆராய்ந்த முறை சரியில்லை என்பது ஒன்று. பெரும் ஆள்பலமும் அரசியல் பலமும் உள்ள சமுதாயத்துக்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

2027 கணக்கெடுப்பில் சாதி விவரமும் எடுக்கப்படும் என்று 2025ல் மத்திய அரசு அறிவித்தது. நாடு முழுவதும் எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931ல். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் ஏழு பிரிவுகள் இருக்கின்றன. லப்பை என்ற பெயருக்குள் ராவுத்தரும் மரைக்காயரும் அடக்கம். கணக்கெடுப்பாளர் கேட்டால் உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்? ஒருவர் 'முஸ்லிம்' என்பார், ஒருவர் 'லப்பை' என்பார், ஒருவர் 'அதெல்லாம் எங்களுக்கு இல்லை' என்பார். பிறகு அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யார் வாதாடுவது? இதைப் படித்து விளக்க ஆள் வேண்டாமா?

சரி, வேலை?

பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சோற்றுக்கு வருகிறேன்.

முதலில் கசப்பைச் சொல்லிவிடுகிறேன். வெறும் பி.ஏ. சமூகவியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் யாரும் நாற்காலி போட மாட்டார்கள். பள்ளி ஆசிரியர் வேலையை நம்பி இதில் சேராதீர்கள். நம் மாநில மேல்நிலைப் பள்ளிகளில் இந்தப் பாடத்துக்கு இடமில்லை. கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் எம்.ஏ., அதன்மேல் நெட் அல்லது செட் தேர்வு. காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

ஆனால் இந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றிப் பாருங்கள். தீப்பெட்டி ஆலையின் பெயரையே சுமந்து நிற்கும் ஊர் இது. டயர், லாரி, மோட்டார் சைக்கிள், உரம், துறைமுகம் என்று சுற்றிலும் ஆலைகள். இங்கே ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் மட்டும்தான் வேலை என்று நினைக்கிறோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் வேண்டும் என்றது. 2020ல் வந்த தொகுப்புச் சட்டம் அதை 250 ஆக்கியது. சமூக அறிவியல் பட்டத்தோடு தொழிலாளர் நலப் படிப்பும் சேர்த்து முடித்தவர்களுக்கான இடம் அது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். எந்தத் தெருவுக்குத் தண்ணீர், எந்தப் பள்ளிக்குக் கழிப்பறை என்று ஆராய்ந்து அறிக்கை எழுத அவர்களுக்கு ஆள் தேவை. அதே ஆண்டு வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது. அது முழுக்க முழுக்க நம் பாடம்.

2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரமெல்லாம் எண்ணெய். அந்த மாதமே பெரியகுப்பம் பக்கம் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதிக்கப்பட்டவர் யார் என்று பட்டியல் போடும்போது படகுக்காரர் மட்டும்தானா? கூடையில் மீன் விற்கும் அம்மா, வலை பின்னுபவர், ஐஸ் உடைப்பவர், அவர்களுக்கெல்லாம் பாக்கிக்கு அரிசி போட்ட மளிகைக் கடைக்காரர், இவர்கள் எந்தக் கட்டத்தில் வருவார்கள்? அந்தக் கட்டத்தைப் போடத் தெரிந்தவன்தான் சமூகவியல் படித்தவன்.

அரசு வேலை கேட்கும் இளைஞர்களுக்கு: ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் எழுத்துத் தாள்களுக்கு 1750 மதிப்பெண். அதில் 500 விருப்பப் பாடத்துக்கு. பலர் சமூகவியலை எடுக்கிறார்கள். பாடத்திட்டம் அளவானது, பொது அறிவுத் தாளுக்கும் உதவும். நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் போன்ற இடங்களில் வரும் அறிவிப்புகளை வரி விடாமல் படியுங்கள். சிலவற்றில் சமூகப்பணிப் பட்டம் மட்டும் கேட்பார்கள், சிலவற்றில் சமூகவியலையும் ஏற்பார்கள். இது தெரியாமல் விண்ணப்பக் கட்டணம் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு.

சகோதரிகளுக்கு ஒன்று. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பெண்களிடம் பெண்களே பேட்டி எடுக்கிறார்கள். நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்து உம்மாவிடமும் நன்னியிடமும் பேச ஆண் ஆய்வாளரால் முடியாது. உங்களால் முடியும். தொடக்கத்தில் தினக்கூலி போலத்தான் கிடைக்கும், மறைக்கவில்லை. இரண்டு மூன்று ஆய்வுகளில் வேலை பார்த்து, கணினியில் புள்ளிவிவரம் அலசவும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் பழகிவிட்டால் மேற்பார்வையாளராக உயரலாம். பையன்களுக்கும் இதே பேச்சுதான். எக்செல், எஸ்.பி.எஸ்.எஸ். தெரியாத சமூகவியல் பட்டதாரி தராசு இல்லாத மளிகைக் கடை.

எங்கே படிப்பது? சென்னையில் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிகளில் இந்தத் துறை இருக்கிறது. எம்.ஏ.வுக்குச் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம். சமூகப்பணி என்றால் 1952ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். பி.காம். முடித்துக் கடையில் இருப்பவரா? இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டதாரியும் தபால் வழியில் எம்.ஏ. சமூகவியல் சேரலாம். கல்லாவில் உட்கார்ந்தபடியே படிக்கலாம். வாடிக்கையாளர் ஏன் பக்கத்துக் கடைக்குப் போகிறார் என்று ஆராய்வதுதான் சந்தை ஆய்வு. பெரிய கம்பெனிகள் அதற்குப் பணம் கொட்டிக் கொடுக்கின்றன. மண்ணடிக்காரருக்கு ஆய்வுக்களம் கல்லாவுக்கு எதிரேயே நிற்கிறது.

மண்ணடிப் பெரியவரே! மகனைச் சேர்த்துவிடுங்கள். ஒரு நிபந்தனையோடு. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரட்டும். உங்கள் பாக்கி நோட்டுகளை அவனிடம் கொடுங்கள். பத்து வருடக் கணக்கில் யார் எந்த மாதம் கட்டினார், யார் எந்த மாதம் விட்டார் என்று அவன் எடுத்துக் கொடுக்கட்டும். அவனுடைய முதல் ஆய்வு அதுவாக இருக்கட்டும். உங்களுக்கும் வசூலுக்கு உதவும்.

விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு மஃக்ரிபுக்குப் பிறகு இங்கேயே வாருங்கள். இஷாவரை நான் இருப்பேன். வஸ்ஸலாம்.