ரபியின் பயணமும் கொச்சியின் வாசற்படியும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பயணமும் சமயமும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். காதர்பேட்டையில் பனியன் வணிகத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். பண்டல்களின்மீது மையால் எழுதப்படும் ஊர்ப்பெயர்களே எனக்குப் புவியியல் கற்பித்தன. ஆயினும் நம் ஊரின் பயணம் பனியனோடு தொடங்கியதன்று. நொய்யற்கரைக் கொடுமணலில் பட்டை தீட்டிய கல்மணிகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குச் சென்றன. அக்கரையின் முசிறித் துறையைச் சார்ந்த கொடுங்கல்லூரைத்தான் யூதர்கள் ‘ஷிங்லி’ என்று அழைத்தார்கள். அந்தப் பழைய வழியிலேயே என் பேச்சும் மேற்கு நோக்கிச் செல்கிறது.

1832ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஆங்கில நூல் அச்சாயிற்று. எழுதியவர் தாவீது தெபெத் ஹில்லேல் என்னும் ரபி. ரபி என்பது யூத சமய ஆசானைக் குறிக்கும் சொல். அவர் 1824இல் புறப்பட்டு, அரபு நாடுகளையும் குர்திஸ்தானையும் பாரசீகத்தையும் கடந்து இந்தியாவுக்கு வந்தார். சென்ற இடமெல்லாம் சிதறிக் கிடந்த தம் இனத்தாரைத் தேடினார். அவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள், எதனை நம்புகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். கொச்சி யூதரும் அவருடைய ஏட்டில் இடம்பெற்றனர்.

அந்தக் கொச்சிச் சமூகத்தில் ஒரு விந்தை உண்டு. அங்கே மரபுவழி ரபி என்று எவரும் இருந்ததில்லை. மூத்தோரே வழிபாட்டை நடத்தினார்கள். அவர்கள் போற்றிய அடியவர் யார் தெரியுமா? 1615இல் மறைந்த நெகேமியா மோத்தா என்னும் கவிஞர்! எபிரேயத்தில் பாடல்கள் இயற்றியவர் அவர். மட்டாஞ்சேரியில் உள்ள அவருடைய கல்லறையில் பிற சமயத்தாரும் விளக்கேற்றி வேண்டிக்கொள்வதுண்டு. குருபீடம் இல்லாத இடத்தில் ஒரு கவிஞனுக்குக் கிடைத்த சிறப்பு இது. கவிஞர்களாகிய நீங்கள் சற்றே பெருமிதம் கொள்ளலாம்.

ஆனால் பெருமிதத்தோடு நின்றுவிட முடியாது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு வட்டெழுத்தில் செப்பேடு அளித்து, எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கினான். வந்தாரை வாழவைத்த நிலம் அது. அவ்வாறு வாழவைக்கப்பட்டவர்களின் வழிவந்த சமூகமோ, பின்னாளில் தனக்குள்ளேயே உயர்வு தாழ்வு வகுத்துக்கொண்டது. 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்களுக்கு உள்ளே சம இருக்கை இல்லை. திருமறைச் சுருளை ஓதும் உரிமையும் இல்லை. ஒரே இறைவன், ஒரே மறை. ஆயினும் வாசற்படி மட்டும் இரண்டு! தமிழர்களாகிய நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை அன்றோ?

இது சரியா என்று அவர்கள் கேட்காமலும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே எகிப்திலிருந்த தாவீது இப்னு சிம்ரா என்னும் பெரும் ரபிக்குக் கடிதம் எழுதினார்கள். முறைப்படி சமயத்தில் சேர்க்கப்பட்டோர் முழுமையான யூதரே. அவர்களோடு மணவுறவு கொள்வதும் தகும் என்று விடை வந்தது. கடல் கடந்து நீதி வந்தது. வாசற்படியைக் கடக்கத்தான் அதனால் இயலவில்லை.

அதனைக் கடக்கச் செய்தவர் ரபி அல்லர், ஒரு வழக்கறிஞர். ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) அந்த ஒதுக்கப்பட்ட பிரிவிலேயே பிறந்து, சென்னையில் சட்டம் பயின்றவர். காந்தியடிகளின் வழியில் தம் தொழுகைக்கூடத்திலேயே அறப்போர் நடத்தினார். ‘யூத காந்தி’ என்று பெயர் பெற்றார். அவருடைய வாழ்நாளிலேயே அத்தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தொலைவிலிருந்து வந்த தீர்ப்பு நானூறு ஆண்டுகள் ஏட்டில் உறங்கியது. அதனை எழுப்புவதற்கு வாசற்படியில் அமர்ந்த ஒருவர் வேண்டியிருந்தது.

1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். முன்னோர் நாடு என்று எண்ணிச் சென்ற அங்கேயும் அவர்கள் புதியவர்களே ஆயினர். இன்று மட்டாஞ்சேரியில் எஞ்சியிருப்போரை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் சென்றவர்களின் பெட்டிகளில் பழைய குறிப்பேடுகள் இருந்தன. பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பட எழுதி வைத்த மலையாளப் பாடல்கள் அவை. திருமணங்களிலும் திருநாள்களிலும் ஆடவர் முன்னிலையிலேயே அவர்கள் பாடியவை. ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் அவற்றைத் தொகுத்து, எபிரேய மொழிபெயர்ப்புடன் 2005இல் எருசலேமில் வெளியிட்டார்கள். நூலின் பெயர் ‘கார்குழலி’! எருசலேமில் அச்சான ஒரு நூலின் முகப்பில் நம் செவிக்குப் பழகிய சொல்.

நண்பர்களே, இனி நான் சொல்லப்போவது என் குற்றம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையில் பண்டல் கட்டிக்கொண்டிருந்த ஒடிய இளைஞர் ஒருவர், ஞாயிறன்று நான் எங்கே செல்கிறேன் என்று கேட்டார். கவிதைக் கூட்டத்துக்கு என்றேன். “நானும் பாட்டு எழுதுவேன் ஐயா, வரலாமா?” என்றார். “அங்கே எல்லாம் தமிழில்தான் தம்பி, உனக்குப் புரியாது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று இந்த மேடையில் ‘யாதும் ஊரே’ என்பது பற்றித்தான் பேசினேன், கைதட்டலும் பெற்றேன். சில மாதங்களில் அவர் ஊர் திரும்பிவிட்டார். அவருடைய குறிப்பேட்டில் என்ன இருந்தது என்பதை இனி நான் அறியப்போவதில்லை.

நமக்கும் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது, ஏட்டில் இருக்கிறது, மேடைதோறும் படிக்கிறோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இவ்வூரின் தையற்பொறிகளின் முன் அமர்ந்திருப்போருக்கு நம் வட்டத்தில் இருக்கை உண்டா? பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில் அவர்களுள் ஒருவர் தம் மொழியில் பாடட்டும். பொருளை நாம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அழைத்து வரும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.